ஓய்வு பெறாத ஆசிரியர்கள்



1984 ஆகஸ்ட் 15 அன்று, பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷன் வழியே கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. இன்சாட் செயற்கைக்கோள் சுமந்து வந்த அப்பாடங்கள் ஆங்கிலத்தில் அமைந்தன. ஒளிபரப்பு வேளையில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தவர்க்கே அவை கிட்டின. மின்சாரம் நின்றால் பாடமும் நின்றது. பின்னர், 2003இல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் விரிவுரைகள் ஏகலவ்யா அலைவரிசையில் ஒளிபரப்பாயின. இன்று அவை யூடியூபில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

தருமபுரி மாவட்டத்தில் வசிக்கும் எங்களுக்கு அவற்றின் அருமை அண்மையில்தான் விளங்கிற்று. இளங்கலைக் கணிதம் பயிலும் எங்கள் மகளுக்குப் புள்ளியியல் துணைப்பாடம் பெரும் சுமையாயிருந்தது. தனிவகுப்புக்குச் சேலம் சென்றுவர வசதியில்லை. தேடியபோது அப்பழைய விரிவுரைகள் கண்ணில் பட்டன. மங்கிய படம், கரும்பலகை, சுண்ணக்கட்டி, அவசரமில்லாத ஒரு பேராசிரியர். புரியாத இடத்தில் நிறுத்தி, மூன்று முறை கேட்டாள்; ஆசிரியர் சலித்துக்கொள்ளவில்லை.

ஆங்கிலம் தடையாயிருந்தது. நிகழ்தகவு, திட்டவிலக்கம், மாறுபாடு எனத் தமிழ்ச் சொற்களைப் பள்ளிப் பாடநூலிலிருந்து எடுத்து, ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே எழுதிவைத்தோம். பாதித் தடை அகன்றது.

உறவினர் சிலர், "வயதுக்கு வந்த பெண்ணிடம் கைப்பேசி எதற்கு?" என்றனர். அவர்களின் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் கைப்பேசியைப் பறித்தால் ஆசிரியரையும் பறித்தவராவோம். ஆகவே, இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம், கூடத்தில், குடும்பத்தார் நடுவே பாடம் என வகுத்தோம். தம்பியும் அருகே அமர்கிறான்.

கணக்கு நம் மரபுக்கு அந்நியமன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி இயற்றிய இயற்கணித நூலின் ஒரு பெரும்பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டைக் கணக்கிடுவதே. பாகப்பிரிவினையில் பெண்ணின் பங்கு தவறாதிருக்கக் கணக்கறிந்தோர் வேண்டும். அவர்களுள் பெண்களும் இருத்தல் நலம்.

இவ்விரிவுரைகள் பட்டம் தருவதில்லை. தேர்வை அவளேதான் எழுதவேண்டும். முதுகலைக்கு இடம் கிடைக்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் என்றோ ஒருவர் கரும்பலகையில் எழுதியது இன்று எங்கள் கூடத்தில் பயன் தருகிறது. மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்க்கும் அமல்களுள் பயனுள்ள கல்வியும் ஒன்று என்று கற்றிருக்கிறோம். உங்கள் இல்லத்திலும் அக்கல்விக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.