மலைக்குக் கூட்டிட்டுப் போற அண்ணன் யாரு?

செகண்ட் ஹேண்ட் பைக் ஒண்ணு வாங்கணும்னா என்ன செய்வீங்க பாஸ்? ஆர்.சி புக்கைக் கேட்பீங்க. இன்ஷூரன்ஸ் தேதி பார்ப்பீங்க. தெரிஞ்ச மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டுப் போய் ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்வீங்க. செயின் சத்தம் கேட்டா ஐந்நூறு ரூபாய் குறைப்பீங்க. இருபதாயிரம் ரூபாய் வண்டிக்கே இந்தப் பாடு! ஆனா, புலி நடமாடுற காட்டுக்குள்ள உங்களை ராத்திரி தங்கவைக்கிறேன்னு சொல்ற ஒருத்தரை நாம எப்படி விசாரிக்கிறோம் தெரியுமா? அவரோட இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து, எத்தனை ஃபாலோயர்ஸ்னு பார்க்கிறோம். அவ்வளவுதான் விசாரணை!

எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புக்கும் அப்படி ஒரு போஸ்டர் வந்தது. ‘பொதிகை மலை டிரெக். ரெண்டு நாள், ஒரு ராத்திரி. டென்ட், சாப்பாடு, கேம்ப்ஃபயர் எல்லாம் சேர்த்து தலைக்கு 2,800. பத்தே ஸீட்தான் பாக்கி.’ தேதி, மார்ச் மாசம் ஒரு சனி, ஞாயிறு. பதினான்கு பேர் அரை மணி நேரத்தில் கை தூக்கிவிட்டார்கள். ‘‘ஏலே, நீதான் பத்திரிகையில எழுதுதியே... அந்தாளு எப்படினு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்’’ என்று வேலை என் தலையில் விழுந்தது. பத்திரிகை ஐ.டி கார்டுக்கு நண்பர்கள் கொடுக்கிற மரியாதை இவ்வளவுதான் சாமி, ஓசி வேலை!

விசாரிக்க ஆரம்பிச்ச பிறகுதான் தெரிந்தது, இந்தக் கேள்விக்கு வயசு அதிகம். நம்ம நாட்டில் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போக கம்பெனிகளே இருந்திருக்கின்றன. ஷிகார் கம்பெனி என்று பெயர். அதில் பேர்போனது மத்திய இந்தியக் காடுகளில் தொழில் நடத்திய ஆல்வின் கூப்பர். நடத்தியவர் வித்யா சரண் சுக்லா. ஆமாம், எமர்ஜென்ஸி காலத்தில் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக இருந்தாரே, அவரேதான்! அரசியலுக்கு வருவதற்கு முன்னாடி அவருடைய தொழில், வெளிநாட்டுக்காரர்களைப் புலி வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறது. 1970-ல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தத் தொழிலுக்கு அதோடு மூடுவிழா. நல்லவேளை.

ஆனா, அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் சில நாடுகளிலும் அந்தத் தொழில் இன்னும் சட்டப்படியே நடக்கிறது. அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு காட்டுக்குள் கூட்டிட்டுப் போக முடியாது. லைசென்ஸ் இருந்தாலும், பழைய வாடிக்கையாளர்களின் நம்பரை வாங்கிப் பேசிவிட்டுத்தான் அட்வான்ஸ் கட்டுவார்கள். அதில் விவரமான ஆட்கள் ஒரு காரியம் செய்வார்களாம். கொம்பும் தோலுமாக ஜம்முனு போஸ் கொடுத்தவனின் நம்பரைக் கேட்க மாட்டார்கள். வெறுங்கையோடு ஊர் திரும்பியவன் நம்பரைக் கேட்பார்கள். ஜெயிச்சவன் எல்லாரையும் நல்லவன்னுதான் சொல்வான். எதுவும் கிடைக்காமல் போன நாளில் அந்த ஆள் எப்படி நடந்துகொண்டார் என்பதைத் தோத்தவன்தான் சொல்வான். வேட்டை எனக்கு ஆகாது. இந்த டெக்னிக் ரொம்பப் பிடித்திருந்தது.

அதையே நம்ம போஸ்டர் அண்ணனிடம் இறக்கினேன். ஃபோனில் ரொம்ப அன்பாகத்தான் பேசினார். ‘‘மழை வந்து பாதியிலேயே திரும்பின டிரிப் எதுவும் உண்டா அண்ணே? அதுல வந்த ரெண்டு பேர் நம்பர் கிடைக்குமா?’’

‘‘நம்ம டிரிப்பு பாதியில நின்னதே கிடையாது தம்பி!’’

எனக்கு முதல் மணி அங்கேயே அடித்தது. தென்மேற்கு, வடகிழக்கு என ரெண்டு பருவமழையும் விழுகிற மலை அது. நாலு வருஷமாக அங்கே ஆள் கூட்டிட்டுப் போகிறவர் ஒருதடவைகூட திரும்பியதில்லை என்றால், ஒன்று அவர் போனதே இல்லை, இல்லைன்னா திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாதவர். ரெண்டில் எது நல்லது, நீங்களே சொல்லுங்க!

சரி, வந்தவர்கள் நம்பராவது கொடுங்கள் என்றேன். ரெண்டு நம்பர் வந்தது. ஒருத்தர் எடுக்கவே இல்லை. இன்னொருத்தர், ‘‘அண்ணன் வேற லெவல் ப்ரோ’’ என்றார். எந்த வழியாக ஏறினீர்கள் என்று கேட்டேன். ‘‘அது வந்து... மலை வழியாத்தான் ப்ரோ’’ என்றார். ரோட்டு வழியாக ஏறவில்லை என்பது மட்டும் உறுதியானது.

கடைசிக் கேள்வி, அனுமதி. ‘‘ஃபாரஸ்ட்ல நமக்கு ஆள் இருக்காப்ல, நீங்க கவலையே படாதீங்க’’ என்றார் அண்ணன். கவலை அங்கேதான் ஆரம்பமாச்சு. காட்டுக்குள் போக ஆள் தேவையில்லை பாஸ், தாள்தான் தேவை.

ஏன் என்று சொல்கிறேன். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, முண்டந்துறை, சேர்வலாறு எல்லாமே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதற்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே சட்டப்படி குற்றம். டென்ட் அடிப்பது, தீ மூட்டுவது எல்லாம் அதற்கும் மேலே. தாமிரபரணி பிறக்கிற பொதிகை உச்சிக்குக் கேரளா வழியாகத்தான் போகலாம். 1,868 மீட்டர் உயரம். அந்த மாநில வனத்துறை வருஷாவருஷம் ஜனவரி வாக்கில் போனக்காடு வழியாக, எண்ணி எண்ணித்தான் ஆட்களை விடுகிறது. நம்ம பக்கம் ‘பொதிகை டிரெக்’ என்று போஸ்டரில் போடுகிற ஆளிடம், எந்த செக்போஸ்ட் வழியாக, யார் கையெழுத்துப் போட்ட தாளோடு என்று கேளுங்கள். பதில் தாளாக வரவேண்டும். வாய்ஸ் நோட்டாக வந்தால் தாள் கிடையாது என்று அர்த்தம்.

இதையெல்லாம் குரூப்பில் போட்டதும் ஒருத்தன், ‘ஓவரா பயமுறுத்தாதலே, எத்தனை பேர் போயிட்டு வாராங்க’ என்று எழுதினான். எத்தனையோ பேர் போயிட்டு வந்த பாதைதான் குரங்கணியும்.

அந்தத் தேதி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம், போடிக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்து மகளிர் தினத்தை ஒட்டி ஒரு குழு, அதில் பெரும்பாலும் பெண்கள். ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. மலையிலிருந்து இறங்கிவரும் வழியில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. புகையில் வழி தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். முதலில் ஒன்பது பேர் உடல்கள் மீட்கப்பட்டன. பிறகு ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராக... மொத்தம் 23 பேர். இறந்தவர்களில் பலருக்கு நம்மைவிட அஞ்சாறு வயசுதான் கூட இருக்கும். விமானப்படை ஹெலிகாப்டர் வந்தும், இருட்டிய பிறகு மலைச்சரிவில் கிடந்தவர்களைக் கீழே கொண்டுவர உள்ளூர்க்காரர்கள்தான் போர்வையைத் தொட்டிலாகக் கட்டித் தூக்கினார்கள்.

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் எழுதின ஆட்களுக்கு ஒரு விஷயம். சரிவில் தீ கீழே இருந்து மேலே ஏறும்போதுதான் வேகம் எடுக்கும். சூடான காற்று மேலே போகும், மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைக்கும், நெருப்பு வந்து தொட்டதும் பக்கென்று பிடிக்கும். ஏற்றத்தில் மனுஷன் ஓடி அதை ஜெயிக்க முடியாது. மாசி, பங்குனியில் ஆளுயரம் காய்ந்து நிற்கிற போதைப்புல் சரிவு என்றால் சொல்லவே வேண்டாம். இது தெரிந்த வழிகாட்டி, அந்த மாசத்தில் அந்தச் சரிவுக்கே ஆட்களைக் கூட்டிட்டுப் போகமாட்டார்.

இதில் என்னை ரொம்ப யோசிக்கவைத்தது வேறு. சென்னைக் குழுவை அனுப்பியது ஊர் பேர் தெரியாத கும்பல் இல்லை. ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள், பல வருஷ அனுபவம், நல்ல பெயர் எல்லாம் இருந்த கிளப். யாரை விசாரித்திருந்தாலும் ‘சூப்பர்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனா, குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகத்தான் சீட்டு உண்டு, கொழுக்குமலைப் பக்கம் போக அனுமதி கிடையாது என்று பிறகு வனத்துறை சொன்னது. அதாவது, நல்ல பெயர் தனி, அனுமதித் தாள் தனி. ஒன்று இருக்கிறது என்பதற்காக இன்னொன்றைக் கேட்காமல் விடக்கூடாது. அதுல்ய மிஸ்ரா ஐ.ஏ.எஸ் விசாரணை நடத்தினார். அந்த வருஷமே டிரெக்கிங்குக்கென்று தனி விதிகள் வந்தன. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். டிரெக்கிங் நடத்துகிறவர் வனத்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றார்கள்.

நம்ம அண்ணனிடம் பதிவு எண் கேட்டேன். ‘ஸீன்’ காட்டிய ரெண்டு நீல டிக்தான் பதில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி பாபநாசம் போனேன். டீக்கடையில் காரையாறு பக்கத்துக் காணிக்காரப் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். பொதிகை மலையின் ரெண்டு பக்கமும் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மக்கள் இவர்கள். 1987-ல் கேரளப் பக்கம் மலையேறின விஞ்ஞானிகள் நாக்கு தள்ளி உட்கார்ந்தபோது, கூட வந்த காணி வழிகாட்டிகள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு அலுங்காமல் நடந்தார்களாம். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து மருந்தே செய்து, வந்த பணத்தில் காணி மக்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிற மலைக்கு, நாம ரீல்ஸ் அண்ணனை நம்பிக் கிளம்புகிறோம்!

பெரியவரிடம், ‘‘மழை வந்தா எப்படித் தாத்தா சமாளிப்பீங்க?’’ என்றேன். ‘‘இங்க பெய்யுதானு பாக்கப்படாது, மேல பெய்யுதானு பாக்கணும். ஆத்துத் தண்ணி நெறம் மாறும், சருகு மிதந்து வரும். அப்பம் கரையேறிரணும். போட்டோ எடுத்துக்கிட்டு நிக்கப்படாது’’ என்றார். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தபோது 17 வயசுப் பள்ளி மாணவன் ஒருவனைத் தண்ணி அடித்துக்கொண்டு போனதே... அன்றைக்கு ஓடித் தப்பிய கூட்டத்தின் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில நொடிகள்தான் அவகாசம். உங்கள் வழிகாட்டிக்குத் தண்ணியின் நிறம் படிக்கத் தெரியுமா என்று எந்த ரிவ்யூவிலும் எழுதியிருக்காது. நேரில் பேசினால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மலையே ஏறக்கூடாதா என்று கேட்காதீங்க. தாராளமா ஏறலாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு ‘டிரெக் தமிழ்நாடு’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைனில் முன்பதிவு, மலைக்கிராமத்து இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக ஆக்கியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் நம்ம ஜில்லாவின் காரையாறு - மூலக்கசம் பாதையும் உண்டு. ராத்திரி டென்ட், கேம்ப்ஃபயர் எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதோடு, 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீ பயத்தில் இந்த அரசுப் பாதைகளையே மூடிவிட்டார்கள். அரசாங்கமே மூடிவைக்கிற மார்ச் மாசத்தில்தான் நம்ம அண்ணனின் கேம்ப்ஃபயர்!

குரூப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். பதினான்கில் ஆறு பேர், ஏப்ரல் கடைசியில் பாதை திறந்திருந்தால் முறையாகப் பதிவு செய்து போகலாம் என்றார்கள். ஏழு பேர் பேசாமல் மணிமுத்தாறு அருவிக்குப் போய் குளித்துவிட்டு வரலாம் என்று கட்சி மாறிவிட்டார்கள். மீதி ஒருத்தன், ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில். அவன் மட்டும் ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டான். வேறு காலேஜ் பசங்களோடு சேர்ந்து போகிறானாம்.

நேத்து ராத்திரி கேட்டேன். ‘‘பர்மிட் காப்பி அனுப்பிட்டாராலே?’’

‘‘சனிக்கிழமை தாரேன்னு சொல்லியிருக்காப்ல.’’

அவர்கள் கிளம்புவது வெள்ளிக்கிழமை ராத்திரி. வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அவன் அப்பா நம்பர் என்னிடம் இருக்கிறது.