மலையேறும் உயிர்கள்



வெயில் கடுமையானால் நாம் நிழலுக்கு ஒதுங்குகின்றோம். காட்டுச் சிற்றுயிர்கள் எங்கு ஒதுங்கும்? இவ்வினாவிற்கு நம் நாட்டிலேயே விடை தேடியோர் உளர்.

சபா மாநிலத்துக் கினபாலு மலை 4,095 மீட்டர் உயரமுடையது. 1965ஆம் ஆண்டில் அம்மலையேறிய ஆய்வாளர்கள், இரவில் விளக்கேற்றி, ஒளியை நாடி வந்த அந்துப்பூச்சிகளைப் பிடித்து, எவ்வினம் எவ்வுயரத்தில் வாழ்கின்றது எனக் குறித்து வைத்தனர். அவருள் ஒருவரான ஹென்றி பார்லோ பின்னாளில் தென்கிழக்காசிய அந்துப்பூச்சிகளைப் பற்றி நூலே எழுதினார். 42 ஆண்டுகள் சென்றபின், 2007இல், அதே இடங்களில் மீண்டும் விளக்கேற்றப்பட்டது. 2009இல் வெளிவந்த முடிவு வியப்புக்குரியது. 102 மலையினங்கள் சராசரியாக 67 மீட்டர் மேலே குடிபெயர்ந்திருந்தன.

மலையில் 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் குறையும். ஆறாம் ஆண்டு மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். 67 மீட்டருக்கு 0.4 பாகையே வரும். நம் உடல் உணராத வேறுபாடு அது! பூச்சி மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டது என எண்ணற்க. கீழே பிழைப்பவை குறைய, மேலே பிழைப்பவை பெருக, இனத்தின் இருப்பிடம் நகர்கின்றது.

இடம்பெயர இயலாதவை உருமாறுவதும் உண்டு. கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னே தீவில் 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தன. பருத்த அலகால் கடின விதையை உடைக்க வல்ல குருவிகளே பெரும்பாலும் எஞ்சின. அவற்றின் குஞ்சுகளும் பருத்த அலகே பெற்றன. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் இதனை அளந்து கண்டனர். குருவிகள் பெருந்தொகையாய் மடிந்த பின்னரே இம்மாற்றம் வந்தது என்பதைப் பலர் சொல்லாது விடுகின்றனர்.

இனி நம் ஜொகூருக்கு வருவோம். லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டரே. மலாய்க்காரர் 'பெரியோக் கெரா' என்னும் குடுவைச் செடிகள் அங்கு உள. கினபாலுவில் ஏறுதற்கு இடமுண்டு. இங்கோ உச்சிக்கு மேல் வானந்தான். வேறு மலைக்குச் செல்லலாமெனில், சுற்றிலும் இரப்பரும் செம்பனையும் சூழ்ந்து நிற்கின்றன. அவை நம் முன்னோர் வியர்வை சிந்தி உருவாக்கிய தோட்டங்கள், நமக்குச் சோறிட்டவை. அவற்றைப் பழித்தல் நம் கருத்தன்று. எனினும் ஓடைக்கரையில் எஞ்சி நிற்கும் காட்டு மரங்களையேனும் வெட்டாது விடலாம் என்பது நம் எண்ணம்.

1965இல் எழுதிய குறிப்பு இல்லையேல் 2007இல் ஒப்பிட ஒன்றும் இருந்திராது. நம் அறிவியல் கழகத்தார் பள்ளித் திடலில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கேற்றி, வரும் பூச்சிகளை ஏட்டில் குறிக்கத் தொடங்கியுள்ளனர். அவ்வேட்டில் நாள், நேரம், அன்று மழை பெய்ததா என்பனவற்றையும் தவறாது எழுதுதல் வேண்டும்.