பாட்டியின் போனுக்கு வயிறு உப்பிவிட்டது!

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வசம்பு இருக்கிறதோ இல்லையோ, இன்று செல்போன் இருக்கிறது. தாலாட்டும் அதில்தான், சோறூட்டப் பொம்மைப் படமும் அதில்தான். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

என் மாமியார் போனைச் சார்ஜில் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். பக்கத்தில் என் மூன்று வயது மகன். போன சித்திரையில் ஒரு நாள், "அம்மா, பாட்டி போன் பூரி மாதிரி உப்பிப் போச்சு" என்று அவன்தான் கொண்டுவந்து காட்டினான். பின்பக்கம் மேடாகி, ஓரத்தில் கண்ணாடி பிளந்து நின்றது.

"உப்பினா என்ன? பேச்சு நல்லாத்தானே கேக்குது!" என்றார் அத்தை. தெருமுனைக் கடைக்காரர், "அழுத்திவிட்டா உக்காந்துடும்" என்றார். எதிர்வீட்டு அக்காவோ, ஊசியால் குத்திக் காற்றை இறக்கச் சொன்னார்! நல்லவேளையாக என் கொழுந்தனார் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பாடம் நடத்துபவர். "அண்ணி, தொடவே தொடாதீங்க" என்று பதறிவிட்டார்.

அவர் விளக்கியது இதுதான். லிதியம் அயான் பாட்டரியைச் சோனி கம்பெனி முதன்முதலில் 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே மெல்லிய தாமிரத் தகடும் அலுமினியத் தகடும், மருந்து பூசி, பாய் போலச் சுருட்டியிருக்கும். இரண்டும் ஒட்டாதிருக்க நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். ஊடே ஒரு திரவம். அது தண்ணீர் அல்ல, சுலபமாகத் தீப்பிடிப்பது. பாட்டரிக்கு வயதானாலும், சூடு மிஞ்சினாலும், சார்ஜ் அளவுக்கு மேல் ஏறினாலும் அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகிறது. உறையோ இறுக ஒட்டியது. வாயு எங்கே போகும்? உப்புகிறது. அதைக் குத்தினாலோ அழுத்தினாலோ நடுத்தாள் கிழிந்து, தகடுகள் தொட்டுக்கொண்டு, நொடியில் தீப்பிடிக்கலாம். தலையணை சூட்டை வெளியே விடாது என்பதை நான் சொல்லவா வேண்டும்!

தயாரிப்பிலேயே கோளாறு வருவதும் உண்டு. 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பிடித்து, லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டனவே! ஒரு வகை பாட்டரியில் மூலையில் தகடு வளைந்திருந்தது, மற்றதில் வெல்டிங் பிசிறு என்று 2017 ஜனவரியில் கம்பெனியே சொன்னது.

போனை அணைத்து, எவர்சில்வர் டப்பாவில் காய்ந்த மணல் பரப்பி அதில் வைத்தோம், மூடியை இறுக்கவில்லை. அத்தைக்கோ கொடுக்க மனமில்லை. காலமான மாமா, "மருந்து சாப்பிட்டியா?" என்று கேட்டு அனுப்பிய குரல் அதில்தான் இருக்கிறது. "பாட்டரியை மட்டும்தான் மாத்துவாங்க, அத்தை. மாமா குரல் வேற இடத்துல இருக்கு" என்று சொல்லிச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தோம். சர்வீஸ் சென்டரில் பாட்டரியை மாற்றினார்கள், குரல் பத்திரம். பழையதை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்குமாம்.

இப்போது சார்ஜ் போடுவது ஹாலில், கடப்பாக்கல் அலமாரியில், உறையைக் கழற்றிவிட்டு, எல்லோரும் விழித்திருக்கும்போது. அடுப்பு மேடைக்கும் வெயில் படும் ஜன்னலுக்கும் தடை. சுட்டால் ஃபிரிட்ஜில் வைக்கும் வழக்கமும் வேண்டாம்; ஈரம் உள்ளே இறங்கிவிடும். ராத்திரி மணி பார்க்க முடியவில்லையே என்று முணுமுணுத்த அத்தைக்கு ஒரு டைம்பீஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.