தெற்கே போன பாய்வள்ளம்

ஸ்காபரோவில் பிறிம்லி வீதியால் தெற்கு நோக்கிப் போய், கிங்ஸ்ரன் வீதியையும் தாண்டினால் பாதை ஒரே இறக்கமாக இறங்கும். பக்கத்தில் உயரமான களிமண் மலைகள். கடைசியில் ஒன்ராறியோ ஏரி. புளஃபர்ஸ் பார்க் என்று சொல்வார்கள். கோடையில் எங்கள் சனம் இறைச்சி வாட்டப் போகும் இடம்தான். அங்கே ஒரு படகுத்துறையும் இருப்பதைப் புதிதாக வந்தவர்கள் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். போன வருடம் வசந்தகாலத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் எனக்கு அங்கேதான் கழிந்தன.

நான் வேலை செய்வது கார்ப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். எனக்கு அடுத்த மெஷினில் நின்றவர் நோவா ஸ்கோசியாவைச் சேர்ந்த வெள்ளைக்காரர். மீன்பிடிகாரர் ஒருவரின் மகன். அவரை எல்லோரும் கப்டன் என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வு பெற்றதும் தன்னுடைய 30 அடிப் பாய்வள்ளத்தில் தெற்கே பஹாமாஸ் தீவுகள் மட்டும் போவது அவருடைய நெடுநாள் ஆசை. "எனக்கு முழங்கால் ஏலாது. கீழே படுத்துச் சுரண்ட ஒரு ஆள் வேண்டும், வருவாயா?" என்று கேட்டார்.

நான் உடனே ஓம் சொல்லவில்லை. 2010 ஆவணியில் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்த கப்பலில் நானும் ஒருவன். அப்போது எனக்கு 20 வயது. மூன்று மாதமளவில் கடல். இறங்கிய அன்றே, இனி வள்ளம் கப்பல் ஒன்றிலும் கால் வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். மனைவியும், "இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரே? கடலிலை பட்டது காணாதே?" என்றாள். வள்ளம் கரையில்தானே நிற்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

இங்கே வின்ரர் தொடங்க முதல் வள்ளங்களைக் கிரேனால் தூக்கிக் கரையில் முட்டுக்கொடுத்து, படங்கால் மூடிக் கட்டிவிடுவார்கள். சித்திரையில் படங்கை அவிழ்த்து வேலை தொடங்கினோம். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை பழைய பெயின்ற்றைத் தேய்த்து எடுத்தேன். ஊரில் அம்மப்பா வள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசும் மணம் மூக்கில் வந்து நின்றது. ஏரி நன்னீர். தெற்கே போவதோ உப்புத் தண்ணீர். அங்கே அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொள்ளும். அதற்காகச் செம்பு கலந்த பெயின்ற் பூசினோம். வள்ளத்தின் உலோகங்களை அரிக்கவிடாமல், தான் முதலில் கரைந்துபோக ஒரு உலோகத் துண்டைப் பூட்டுவார்கள். நன்னீரில் மக்னீசியம், கடலில் நாகம். அதையும் மாற்றினோம்.

பிறகு துவாரங்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் எடுக்க, கழிவு போக என்று நீர்மட்டத்துக்குக் கீழே ஐந்து துவாரங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. ஒவ்வொரு வால்வையும் கழற்றி, துடைத்து, கிறீஸ் போட்டுப் பூட்டினோம். வால்வு உடைந்தால் அடித்து இறுக்கவென்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மரமுளையைக் கயிற்றால் கட்டச் சொன்னார். மூன்றாவது முளையைக் கட்டும்போது என் கை நின்றுவிட்டது. நாங்கள் வந்த கப்பலில் எத்தனை துவாரம், எத்தனை பம்ப் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இருக்கவில்லை. அன்றுதான் அந்தப் பயணத்தைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சரிபார்க்கும் பட்டியலையும் பென்சிலையும் என்னிடம் தந்து, "இனி நீ பார்த்துச் சரி போட்டால்தான் சரி" என்றார்.

போகும் பாதையையும் அவர் வரைபடத்தில் காட்டினார். ஏரியால் 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடினால் அக்கரையில் நியூயோர்க் மாநிலத்தின் ஒஸ்வீகோ. அங்கிருந்து ஏழு லொக் கடந்து, 1825இல் திறந்த ஈரிக் கால்வாயைப் பிடிக்க வேண்டும். அந்த வழியில் பாலங்கள் ஏறக்குறைய 20 அடி உயரம்தான். பாய்மரமோ 40 அடிக்கு மேல். ஆகவே ஒஸ்வீகோவில் மரத்தைக் கிரேனால் இறக்கி, வள்ளத்தின் மேலேயே படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும். அதைத் தாங்கும் பலகைக் கால்களை நான்தான் அறுத்து அடித்தேன். வாட்டர்ஃபோர்ட்டில் அடுத்தடுத்து ஐந்து லொக்குகளால் இறங்கினால் ஹட்சன் ஆறு. பிறகு நியூயோர்க் நகரம், கடல்.

கால்வாய் ஐப்பசி நடுப்பகுதியில் மூடிவிடும். தெற்கே புயல்காலம் கார்த்திகை முடிவு மட்டும் இருக்கிறது. ஆகவே பிந்திப் போகவும் ஏலாது, முந்திப் போகவும் ஏலாது. புரட்டாதியில் வெளிக்கிட்டு, வழியில் தங்கித் தங்கிப் போவதென்று முடிவாயிற்று.

ஒருநாள் தேநீர் குடிக்கும்போது அன்னபூரணியைப் பற்றிச் சொன்னேன். எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல், எங்கள் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குளொஸ்ரர் என்றதும் அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அப்படியென்றால் உன்னை ஏன் நான் கீழே படுக்கவிட்டேன், சுக்கானையல்லவா தந்திருக்க வேண்டும்" என்று சிரித்தார்.

வைகாசியில் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினார்கள். அவர் ஏறி நின்று கையை நீட்டினார். உயிர்காப்பு அங்கியைப் போட்டும் என் கால் நடுங்கியது. ஆனால் உள்ளே போய் ஐந்து வால்வையும் தொட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதன் பிறகுதான் மேலே வந்து இருந்தேன். அந்தக் கோடையில் நாலைந்து முறை அவரோடு ஏரிக்குள் போய்வந்தேன்.

ஒஸ்வீகோ மட்டுமாவது வா என்று கேட்டார். அக்கரை அமெரிக்கா, எனக்கு விசா இல்லை. புரட்டாதியில் ஒரு விடியற்காலை, கட்டிய கயிற்றை அவிழ்த்து எறிந்தது மட்டும் என் பங்கு. பாய் கண்ணுக்கு மறையுமட்டும் நின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒன்று சொல்லலாம். பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் கோடைத் தொடக்கத்திலும் அந்தத் தண்ணீர் ஆளை விறைக்கப்பண்ணும். முதலில் நீச்சல் வகுப்பில் சேருங்கள். என் மகள் சேர்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் நானும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

மார்கழியில் தெற்கேயிருந்து கப்டன் போன் எடுத்தார். காற்று எப்படி, சாப்பாடு எப்படி என்று நான் கேட்க முதலே அவர் சொன்னார்: "நீ கட்டிய ஐந்து முளையும் கட்டினபடியே இருக்கின்றன."