தியாகராய நகரிலிருந்து அடையாறு வரை: பிள்ளைகள் சொல்லக் கேட்டவை

வெளியூர்களிலிருந்து சென்னைக்கு வரும் நம்மவர்களில் பலர் நகரின் தென்பகுதிக்கு இரண்டு காரியங்களுக்காகவே வருகின்றனர். பெருநாளைக்குத் துணி எடுக்கத் தியாகராய நகர். நோயாளியை மருத்துவரிடம் காட்ட அடையாறு. வேலை முடிந்ததும் இரவு வண்டிக்கு ஓடிவிடுகின்றனர். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை வரும்போது ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கடைகளையும் கோபுரங்களையும் காட்டுவதற்கு வேறு பலர் இருக்கின்றனர். பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் செய்தவற்றையும், பிள்ளைகளைக் கேளாமல் செய்தவற்றையும் அருகருகே காணக்கூடிய வழி ஒன்று உண்டு. அதை நான் காட்டுகிறேன்.

ரங்கநாதன் தெருவின் நெரிசலை நீங்கள் அறிவீர்கள். அங்கே ஏதேனும் ஒரு துணிக்கடையின் சிறுவர் பிரிவில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சட்டை எந்தப் பையனுக்கோ, அவனைத் தவிர மற்ற எல்லாரும் பேசுவார்கள். அத்தா விலையைக் கேட்பார். அம்மா துணியைத் தடவிப் பார்ப்பார். வளரும் பிள்ளை, ஓர் அளவு பெரிதாகவே எடுங்கள் என்பார் பாட்டியார். பையன் கடைப் பொம்மையைப் போலக் கைகளை விரித்தபடி நிற்பான். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் பிள்ளைகளுக்கென்று தீட்டப்படும் திட்டங்கள் பலவும் ஏறக்குறைய இந்த முறையில்தான் அளவெடுக்கப்படுகின்றன.

இந்த நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியார் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த 1920 ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட வேண்டும் என்பது வரம்பு. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய ஆங்கில அரசு இசையாததால் 1925 இல் அது நின்றுபோயிற்று. பின்னர் காமராசர் காலத்திலும், 1982 இல் எம்.ஜி.ஆர். காலத்திலும் அது மாநிலமெங்கும் தழைத்த வரலாறு நீங்கள் அறிந்ததே. ஜி.என். செட்டி சாலையில் 1949 இல் தொடங்கப்பட்ட பால மந்திர் இல்லத்தையும் வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு மயிலாப்பூருக்குப் பேருந்து ஏறுங்கள்.

மயிலாப்பூரில் கச்சேரி சாலை ஜும்ஆ பள்ளிவாசலில் லுஹர் தொழுதுகொள்ளலாம். கோயில் குளமும் சாந்தோம் தேவாலயமும் அங்கிருந்து நடக்கும் தொலைவில்தான். இந்த மயிலாப்பூரில் உள்ள புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில்தான், 2025 ஆகஸ்டு 26 அன்று, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகள் அன்று புதிதாகச் சேர்க்கப்பட்டனர். இத்திட்டம் பிறந்த கதையைக் கவனியுங்கள். சென்னையில் ஒரு பள்ளி விழாவுக்குச் சென்றபோது மாணவியரிடம் பேசியதாகவும், காலையில் சாப்பிடாமல் வருகிறோம் என்று அவர்கள் சொன்னதாகவும், அதுவே தூண்டுதல் என்றும் முதலமைச்சராக இருந்து இதைத் தொடங்கிய மு.க. ஸ்டாலின் மேடையில் கூறினார். 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிப்பு. செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளில் தொடக்கம். ஒருவர் கேட்டார், பிள்ளைகள் மறைக்காமல் சொன்னார்கள், உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் வந்தன. அந்தக் கேள்விக்கு எவ்வளவு செலவாயிற்று?

இப்பகுதியில் ஒரு தெருவில் மாலை மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் நான். விரிவாக்கம் நடந்த அந்த வாரம் பிள்ளைகளிடம் இது பற்றிப் பேசினேன். சிறியவர்கள் மகிழ்ச்சியுடன் பொங்கலின் சுவையை விவரித்தனர். அவ்வாண்டு ஆறாம் வகுப்புக்குப் போயிருந்த சிறுமி ஒருத்தி மட்டும், “ஆறாவது போனா பசிக்காதா உஸ்தாத்?” என்றாள். ஐந்தாம் வகுப்பு வரை என்பது அன்று திட்டத்தின் எல்லை. வயிற்றுக்கு அந்த எல்லை தெரியாது. திட்டத்தைக் குறைகூற அவள் எண்ணவில்லை. அடுத்த படி எங்கே இருக்கிறது என்று அவள் விரலால் காட்டினாள், அவ்வளவே.

பிள்ளையிடம் கேட்பது நமக்குப் புதிய வழக்கமன்று. ஸூரா அஸ்ஸாஃப்பாத்தை ஓதியவர்கள் எண்ணிப் பாருங்கள். இறைவனின் ஆணையைக் கனவில் கண்ட இப்ராஹீம் (அலை) அவர்கள்கூடத் தம் அருமை மகனிடம் அதைச் சொல்லி, உன் கருத்து என்ன என்று வினவினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அவையில் ஒருமுறை வலப்பக்கம் ஒரு சிறுவரும் இடப்பக்கம் முதியோரும் அமர்ந்திருந்தனர். பானத்தை முதலில் முதியோருக்குக் கொடுக்கலாமா என்று அண்ணலார் அச்சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். அவர் விட்டுத்தர இசையவில்லை. கிண்ணம் சிறுவர் கைக்கே சென்றது. புகாரியில் உள்ள இச்செய்தியை மேடையில் சொல்லாத ஆலிம் இல்லை. ஆனால் நம் வீடுகளில் ஒரு பிள்ளை “மாட்டேன்” என்று சொன்னால் என்ன நடக்கிறது என்பதையும் நாம் அறிவோம்.

இனி மந்தைவெளியைக் கடந்து, ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாய்க் கரைக்கு வாருங்கள். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒருகாலத்தில் படகோடிய நீர்வழி இது. இதன் கரையில் கோவிந்தசாமி நகர் என்னும் குடியிருப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. நீதிமன்ற ஆணைப்படி 2022 ஏப்ரல் இறுதியில் அதன் வீடுகளை இடிக்கத் தொடங்கினர். கரை நிலம் யாருடையது என்ற வழக்கிற்குள் நான் நுழையவில்லை. நாள்காட்டியை மட்டும் பாருங்கள். அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மே 5 அன்றும், பத்தாம் வகுப்புத் தேர்வு மே 6 அன்றும் தொடங்கின. தேர்வெழுத வேண்டிய பிள்ளைகளின் புத்தகங்கள் தெருவில் கிடந்தன. மாற்று வீடு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்தில் என்றார்கள். மே 8 அன்று அங்கு வாழ்ந்த ஒருவர் தீக்குளித்தார், உயிர் பிழைக்கவில்லை. மறுநாள் சட்டமன்றத்தில், அம்மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அந்தக் குடியிருப்பில் எத்தனை பிள்ளைகள் தேர்வெழுதப் போகின்றனர் என்று ஏப்ரலிலேயே ஒருவர் தெருமுனையில் நின்று கேட்டிருந்தால், இடிப்பின் நாளையாவது தள்ளிவைத்திருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் கல்வியாண்டின் நடுவிலேயே பெரும்பாக்கத்திற்குக் கொண்டு செல்லப்பட்டதிலிருந்து இந்தப் பாடம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

பெரும்பாக்கத்திற்குக் குடிபெயர்ந்த வேறொரு குடும்பத்துப் பையன், விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வரும்போது எங்கள் மதரஸாவுக்கும் வருவான். புது வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “நல்லா இருக்கு உஸ்தாத். கக்கூசு உள்ளேயே இருக்கு. ஆனா ஏழாவது மாடியில இருந்து கூப்பிட்டா கீழே யாருக்கும் கேக்காது” என்றான். பழைய தெருவில் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் நான்கு பேர் வருவார்களாம். வீட்டுவசதி பற்றி நான் படித்த எந்த அறிக்கையும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால், அந்தக் கால்வாயை ஒட்டியே பறந்து கோட்டூர்புரத்தில் இறங்கலாம். பிள்ளைகளுக்கு இந்தப் பயணம் மிகவும் பிடிக்கும். 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் ஒரு செயற்கை மரமும், அதன் நிழலில் அமர்ந்து படிக்க இடமும் உண்டு. 2011 நவம்பரில் இக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற அன்றைய அரசு முடிவெடுத்து, உயர் நீதிமன்றம் தடுத்தது. குழந்தைகளின் பெயரால் குழந்தைகளின் நூலகத்தை மாற்ற முனைந்த அந்த விநோதம் நினைவிருக்கட்டும். 2025 ஆகஸ்டு 8 அன்று தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை வெளியிடப்பட்டதும் இந்நூலக அரங்கில்தான்.

குழந்தைகளைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் அவர்கள் தம் கருத்தைச் சொல்லவும், அது வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்படவும் உரிமை உண்டு என்று 1989 இல் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 12 ஆம் பிரிவு கூறியது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றது. 2013 இன் தேசியக் குழந்தைகள் கொள்கையிலும் பங்கேற்பு ஒரு முதன்மைப் பகுதி. 2021 இல் சென்னைப் பள்ளிகள் சிலவற்றில் நிகழ்ந்த பாலியல் கொடுமைகள் வெளிவந்தன. அதன் பின்னரே அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்னும் பெட்டியும், 14417 என்ற தொலைபேசி எண்ணும் பரவலாகப் பேசப்பட்டன. பிள்ளைகள் அதற்கு முன் எவ்வளவு காலம் வாய்மூடிக் கிடந்தனர் என்பதை எண்ணினால் நெஞ்சு பதறுகிறது. மரியாதை என்று நாம் புகழும் மௌனத்தில் எத்தனை பகுதி அச்சம்? மதரஸாக்களும் இக்கேள்விக்கு வெளியே நிற்க முடியாது.

அடையாற்றில் நேரமிருந்தால் அவ்வை இல்லத்தின் முன் சற்று நில்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1930 இல் தொடங்கியது. எங்கும் இடம் கிடைக்காமல் தம் வீட்டுக் கதவைத் தட்டிய தேவதாசிக் குலச் சிறுமியரை உள்ளே அழைத்ததுதான் அதன் தொடக்கம்.

இவ்வளவு எழுதிவிட்டு எங்கள் மதரஸாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. வகுப்பு நேரத்தை மாற்றும் பேச்சு வந்தபோது, ஜமாஅத் நிர்வாகிகளின் இசைவுடன் பிள்ளைகளிடமும் கேட்டோம். டியூஷன் முடிந்து வரும் பையன்கள் மஃரிபுக்குப் பின் வைக்கச் சொன்னார்கள். பெண்பிள்ளைகள் வேண்டாம் என்றனர். கால்வாய்ப் பக்கச் சந்தில் விளக்கு எரிவதில்லையாம். பெரியவர்களாகிய நாங்கள் வேறு வழியாக வருவதால் அது எங்கள் கண்ணில் பட்டதேயில்லை. இப்போதைக்குப் பெண்பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின்னும், பையன்களுக்கு மஃரிபுக்குப் பின்னும் என்று பிரித்திருக்கிறோம். எனக்கு இரட்டை வேலை. விளக்குக்காக மாநகராட்சிக்கு எழுதிய மனுவில் பிள்ளைகளும் கையொப்பமிட்டனர். ஒரு சிறுமி தன் பெயருக்குக் கீழே ஏதோ எண்களை எழுதியிருந்தாள். என்னம்மா இது என்றேன். எரியாத மூன்று கம்பங்களின் எண்களாம்.