சதுரமும் நாட்சம்பளமும்

கட்டட வேலையில் பாதி கண்ணுக்கு மறைந்துபோகும் வேலை. அத்திவாரத்தில் எத்தனை வரி கல் போனது, தூணுக்குள் எத்தனை கம்பி நிற்கிறது, நிலத்துக்குக் கொங்கிறீட் போடுமுன் மண்ணை எத்தனை முறை தண்ணீர் விட்டு இடித்தோம் என்பதெல்லாம் பூச்சு முடிந்தபின் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அரசாங்க வேலையென்றால் மூடுமுன் வந்து அளப்பார்கள். அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வைப்பார்கள். அதை வைத்துத்தான் கொந்தராத்துக்காரருக்குப் பில் பாஸாகும். அதே சுவரைக் கட்டிய மேசனின் கூலிக்குப் புத்தகம் கிடையாது. வாய்ப்பேச்சும் சனிக்கிழமைப் பின்னேரமும்தான் அவனுடைய ஒப்பந்தம்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வேலை செய்திருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு எழுவான்கரையில் வீட்டுத்திட்டங்கள் வந்த காலத்தில் மேசன்மாருக்குத் தட்டுப்பாடு. கூலியை நாங்கள் சொன்னோம், கொடுத்தார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் சீமெந்து லொறிகள் பாதைப் படகுக்காகத் துறையில் காத்து நிற்காமல் நேரே படுவான்கரைக்குப் போகத் தொடங்கின. அந்தப் பக்கம் வேலையும் கூடியது, பெயர்ப்பலகைகளும் கூடின.

அந்தப் பலகையில் கொந்தராத்துக்காரரின் பெயரோடு அவருடைய தரமும் இருக்கும். நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபை, நாங்கள் சொல்லுகிற ‘சீடா’, 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. அதற்கு முன் ‘இக்டாட்’. சீ ஒன்று, சீ ஒன்பது என்று தரம் பிரிக்கும்போது காசு பலம், இயந்திரம், பொறியியலாளர், முன்பு முடித்த வேலை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். முன்பு முடித்த வேலையில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து முடித்தாரா என்பது ஒரு மேசன் கேட்கும் கேள்வி. பலகையைப் பார்த்து அதற்கு விடை சொல்ல முடியாது. ஆனாலும் பலகை வீணில்லை. பதிந்த பெயரும் விலாசமும் உள்ள ஆளுக்குத்தான் கடிதம் அனுப்பலாம்.

என் காசு மாட்டியது 2022இல், படுவான்கரையில் ஒரு பொதுக் கட்டடத்தில். சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாய் வரை ஏறிய வருடம். கட்டு வேலையும் பூச்சும் எனக்குச் சதுரக் கணக்கு. நூறு சதுர அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. கையாட்களுக்கு நாட்சம்பளம், அதையும் கொந்தராத்துக்காரரே தருவதாகச் சொன்னார். தொடக்கத்தில் சனிக்கிழமை தவறவில்லை. பிறகு பாதி வந்தது. பிறகு ‘பில் இன்னும் பாஸாகல்ல பாஸ், வாற கிழமை பாப்பம்’ என்பது மட்டும் வந்தது.

அவர் சொன்னது பொய்யென்று சொல்லமாட்டேன். அந்த வருடம் அரசாங்கமே கொந்தராத்துக்காரர்களுக்குப் பெருந்தொகை பாக்கி வைத்திருந்தது. ஆனால் சீமெந்துக் கடைக்குக் காசு போனது, இல்லாவிட்டால் லொறி வராது. மிக்சருக்கு டீசல் வந்தது, இல்லாவிட்டால் அது சுற்றாது. காசு வராவிட்டாலும் மறுநாள் காலையில் வந்து நிற்பது நாங்கள் மட்டும்தான், ஏனென்றால் போனால் பழைய பாக்கியும் போய்விடும் என்ற பயம். கொந்தராத்துக்காரர் வங்கியில் எடுக்கமுடியாத கடனை எங்கள் கையில் எடுத்துக்கொண்டிருந்தார், வட்டியில்லாமல். கையாட்கள் அவரிடம் போய்க் கேட்கமாட்டார்கள். ‘மாமா, இந்தக் கிழமையாவது கிடைக்குமா?’ என்று என்னிடம்தான் கேட்பார்கள். ஒருத்தன் தங்கச்சியின் மகன். அவனை வேலைக்குக் கூட்டிவந்ததே நான்.

கேட்கக் கேட்க, பேச்சு சம்பளத்தை விட்டு வேலைக்குத் திரும்பும். இந்தத் தொழிலில் இது எப்போதும் நடப்பது. பூச்சில் உப்புப் பூக்கிறது, மூலையில் வெடித்திருக்கிறது, அதை வெட்டிக்கொண்டுதான் மிச்சம் என்றார். வாவிக்கரை வேலையில் உப்பு புதுச் செய்தியா? மணல் கழுவாமல் வந்தால் ஒன்றுக்கு ஐந்தென்று எவ்வளவு ஒழுங்காய்க் குழைத்தாலும் வெள்ளை படரும். மணலைக் கொண்டுவந்து இறக்கியது அவருடைய டிப்பர். தண்ணீர் எந்தக் கிணற்றில் என்று காட்டியது அவருடைய சுப்பவைசர். அடுத்து ‘றிடென்ஷன்’ வந்தது. குறை திருத்தும் காலம், பெரும்பாலும் ஒரு வருடம், முடியும்வரை வேலை கொடுத்த திணைக்களம் அவருடைய காசில் ஒரு பங்கைப் பிடித்து வைக்கும். அதே அளவை அவர் எங்கள் கூலியிலும் பிடித்தார். அவருக்கு அது இலாபத்தில் ஒரு துண்டு, எங்களுக்கு அரிசி.

தொழில் திணைக்கள அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். அங்கே முதலில் எழுந்த கேள்வி, அவர் என் முதலாளியா என்பது. ‘இவர் என்ட ஆள் இல்ல சேர், சப் கொந்தராத்து எடுத்தவர்’ என்றார் அவர். அந்த ஒரு வசனத்தில் நான் தொழிலாளி என்ற இடத்திலிருந்து வியாபாரி ஆகிவிட்டேன். சாந்தகப்பை அதே, மணியாசுக்கட்டை அதே, முதுகுவலியும் அதே. நாட்கணக்கில் வாங்கினால் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் பேசும். மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து 10 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்று அது சொல்கிறது. சதுரத்தில் வாங்கினால் இரண்டு வியாபாரிகளின் கொடுக்கல் வாங்கல் என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

தள்ளுவது அவ்வளவு சுலபமுமில்லை. காலையில் எத்தனை மணிக்கு வரச்சொன்னது யார், பொருள் யாருடையது, பலகையும் சாரமும் யாருடையது, இன்றைக்கு இந்தச் சுவர் என்று காட்டியது யார், இடையில் வேறு இடத்துக்கு வேலைக்குப் போக விட்டாரா என்று உத்தியோகத்தர் ஒவ்வொன்றாகக் கேட்டார். சதுரக் கணக்கு என்றாலும் ஆட்டுவிப்பது அவரென்றால் பேச இடமிருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியும் துண்டுக்கணக்கில் வேலை செய்கிறவனை விலக்கி வைக்கவில்லை: முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், அதற்குமேல் நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 வீதம். கொந்தராத்துக்காரர்கள் அதைக் கட்டாததற்குக் காசு மட்டும் காரணமென்று நான் நினைக்கவில்லை. ஒரு மாதம் கட்டினாலும், இவன் என் ஆள் என்று அவரே எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

என்னிடம் இருந்தது ஒரு கொப்பி. தினமும் யார் யார் வந்தார்கள், எந்தச் சுவர், என்ன நீளம் என்ன உயரம், எத்தனை பை சீமெந்து இறங்கியது என்று பின்னேரத்தில் எழுதி, சுப்பவைசர் நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் ஒரு கையொப்பமும் வாங்கி வைத்திருந்தேன். கையாட்களின் நாட்கணக்கு அதில் தெளிவாக இருந்தது. அதை அவரால் மறுக்க முடியவில்லை; தவணையில் கொடுக்க ஒத்துக்கொண்டு, கொடுத்தும் முடித்தார்.

சதுரக் கணக்கு அங்கே முடியவில்லை. அதற்கு இணக்கசபை என்றார்கள். இணக்கசபையில் செலவில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை, ஆனால் எதிராளி சம்மதித்தால்தான் முடிவு. அதற்கு மேல் நீதிமன்றம். அங்கே 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டம் காத்திருக்கிறது: கைவினைஞர், கூலியாட்கள், வேலைக்காரரின் கூலிக்கு, கடைக் கடனைப் போலவே, ஒரு வருடத்துக்குள் வழக்கு வைக்கவேண்டும். எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்துக்கு அதே சட்டம் ஆறு வருடம் கொடுக்கிறது. ‘வாற கிழமை பாப்பம்’ என்று ஐம்பது தரம் சொன்னால் ஒரு வருடம் போய்விடும். அதைத் தெரிந்து சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், தெரியாமல் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இணக்கசபையில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒத்துக்கொண்டேன். மிச்சத்தை உப்புக்கு விட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

போன வருடம் அதே ஆள் போன் எடுத்தார். வாகரைப் பக்கம் ஒரு பாடசாலைக் கட்டடம், நல்ல மேசன் கிடைக்கவில்லையாம். சதுரத்துக்கு முன்னையதைவிடக் கூட்டிச் சொன்னார். நாட்சம்பளமென்றால் வருகிறேன், சேமலாப நிதி இலக்கமும் வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.