ஓபாம் மலையேறிய கதை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ் ஏறினால், கோமுகி அணைப் பக்கம் தாண்டியதும் ரோடு வளைய ஆரம்பித்துவிடும். கீழே வாய்க்கால் பாசனம், நெல், கரும்பு. மேலே கல்வராயன் மலையில் பெரும்பாலும் வானத்தை நம்பின வெள்ளாமை, சாமை, மரவள்ளி. கீழே பிரமாதமாக விளைவிக்கிற ஒருத்தரை மேலே கொண்டுபோய் விட்டால் முதல் நாளே, "மடை எங்கப்பா?" என்று கேட்பார். அவருக்கு விவசாயம் தெரியாமல் இல்லை. வாய்க்கால் இல்லாத ஊர் ஒன்று இருக்கும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை.

ஓகேமல் என்ற நிரலாக்க மொழியின் பொதி மேலாளரை விண்டோஸுக்குக் கொண்டுவந்தபோது நடந்ததும் இதேதான். அதன் பெயர் ஓபாம். (ஒபாமா இல்லை மக்களே, ஓபாம்.) அடுத்தவர்கள் எழுதி வைத்த நிரல்களை, அவற்றுக்குத் துணையாக வேண்டியவற்றோடு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற பதிப்பாகப் பார்த்து இறக்கி, நம் கணினியிலேயே கட்டித் தருவது அதன் வேலை. 2013ல் முதல் பதிப்பு வந்தது. லினக்ஸிலும் மேக்கிலும் சமர்த்தாக ஓடியது.

விண்டோஸில்தான் வினை. நிரலைக் கட்டுவதற்கு ஷெல், மேக், பேட்ச் என்று ஒரு யூனிக்ஸ் கூட்டமே வேண்டும். விண்டோஸில் அந்தக் கூட்டம் தயாராக உட்கார்ந்திருக்காது. சரி, அதையெல்லாம் கொண்டுவந்து போட்டாச்சு என்றால் அடுத்த தலைவலி. விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள், யூனிக்ஸில் ஒன்று; கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்றினால் பேட்ச் முரண்டு பிடிக்கும். கோப்பின் முழு முகவரி 260 எழுத்தைத் தாண்டினால் பல நிரல்கள் கைவிரித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை அழிக்க விண்டோஸ் விடாது, யூனிக்ஸ் விடும். பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதே பிழைப்பாக இருக்கிற மென்பொருளுக்கு இது எவ்வளவு பெரிய இடி!

இன்னொன்று நம்ம ஊர் சமாச்சாரம். விண்டோஸ் பெயர் கேட்டால் நம் ஆட்கள் இனிஷியல் போட்டு, ஒரு இடைவெளி விட்டு, பெயர் அடிப்பார்கள். அந்த இடைவெளி அப்படியே பயனர் கோப்புறையின் பெயரிலும் போய் உட்காரும். மேக்குக்கு முகவரியில் இடைவெளி என்றால் ஜென்மப் பகை. அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டதற்காக ஒரு மொழியையே நிறுவ முடியாமல் போகலாம் :-)

இத்தனை வருடமும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்லக்கூடாது. தன்னார்வலர் ஒருவர் விண்டோஸுக்கான திருத்தங்களோடு தனிக் களஞ்சியமே நடத்தி வந்தார். 2021ல் அது நின்றது. ஓபாமே அதிகாரபூர்வமாக விண்டோஸுக்கு வந்தது 2.2 பதிப்பில், 2024 ஜூலையில். முதல்முறை ஓட்டும்போது, "யூனிக்ஸ் சாமான்கள் வேண்டுமே, சிக்வினை நானே போட்டுக்கொள்ளவா?" என்ற கணக்கில் கேட்கும். தலையாட்டினால் போதும். அதாவது வாய்க்காலைத் தானே வெட்டிக்கொள்கிறது. எளிமையான தீர்வுதான். ஆனால் முதல் பதிப்பிலிருந்து எண்ணினால் பதினோரு வருடம்.

இதில் வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. 2022 டிசம்பரில் வந்த ஓகேமல் 5.0, ஒரே நேரத்தில் பல செயலிக் கருக்களில் ஓடும் திறனை அந்த மொழிக்குக் கொடுத்தது. அந்த வேலையை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடி பேராசிரியர் கே.சி. சிவராமகிருஷ்ணன். சென்னையில் உட்கார்ந்து மொழியின் அடிவயிற்றையே மாற்றிக்கொண்டிருக்க, வெள்ளிமலையில் ஒரு பிள்ளை விண்டோஸ் மடிக்கணினியில் அதை நிறுவவே திண்டாட வேண்டிய நிலை. தமிழக அரசு 2011ல் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சிடாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்ததே என்பீர்கள். இருந்தது. எத்தனை பேர் அந்தப் பக்கம் போனார்கள் என்று உங்கள் வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள். "லினக்ஸுக்கு மாறு" என்று அறிவுரை சொல்வது சுலபம். வீட்டில் ஒரே ஒரு கணினி, பழுதானால் கள்ளக்குறிச்சிக்குத்தான் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்கிற பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஓபாம் மலையடிவாரம் வந்தாச்சு. மலை ஏறணுமே? சிக்வினையும் மூல நிரல்களையும் இறக்க நல்ல இணையம் வேண்டும். மலைக்கிராமங்களில் பாதி இறக்கும்போதே சிக்னல் போய்விடும். இதற்கும் வழி இருக்கிறது. களஞ்சியத்தை நகல் எடுத்து, 'ஓபாம் அட்மின் கேஷ்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் மூல நிரல்களையும் இறக்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சிக்வினையும் அதேபோல் ஒரு கோப்புறையில் இறக்கி வைத்து, அப்புறம் இணையம் இல்லாமலே நிறுவலாம். கள்ளக்குறிச்சியில் ஒரு ராத்திரி இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, காலை பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டியதுதான்.